ஆறே முக்காலுக்கு ஊதிய சங்கு

ஷைனிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. தான் ஊதுவதை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இதெல்லாம் ஒரு ஆசையா என்று கேட்பவர்கள் பேண்டு செட்டில் ஊதிப் பார்த்ததில்லை. பேண்டுக்காரரை யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. கல்யாணமென்றால் மாப்பிள்ளைக்கு முன்னால் நடந்துகொண்டே ஊத வேண்டும். திருவிழா என்றால் தேருக்கு முன்னால். சாவென்றால் பெட்டிக்கு முன்னால். கேட்கிறவர்களும் கூடவே நடந்துகொண்டிருப்பார்கள். இல்லையென்றால் வாசலுக்கு வந்து நின்றுவிட்டு, ஊர்வலம் தாண்டியதும் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விடுவார்கள். ஒரு வீட்டுக்கு எட்டு வினாடிப் பாட்டு கிடைத்தால் அதிகம். அப்பா அருள்நாதனின் பேண்டு செட்டில் பதினாறு வயதில் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டியவள், முப்பத்தாறு வயதுவரை எட்டு எட்டு வினாடியாகத்தான் ஊதியிருக்கிறாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவளிடம் இருந்தது எட்டு வினாடிச் சரக்கு அல்ல. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நெய்வேலி டவுன்ஷிப்பில் வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்தாள். கல்யாணமாகி, ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குப் போன பிறகும் அதை விடவில்லை. வகுப்பில் பாடிக் கற்றதை வீட்டுக்கு வந்து சாக்ஸபோனில் ஏற்றிக்கொள்வாள். அது லேசுப்பட்ட காரியமில்லை. சாக்ஸபோனுக்குப் படிப்படியாகத்தான் ஏறி இறங்கத் தெரியும். நம் ராகங்களோ படியில் ஏறுவதில்லை, வழுக்கிக்கொண்டும் அசைந்துகொண்டும் போகும். அந்த அசைவை உதட்டைத் தளர்த்தியும் இறுக்கியும், விரலைப் பாதி எடுத்தும்தான் கொண்டுவர வேண்டும். காந்தாரம் என்ற ஒரே ஒரு சுரத்தை ஒழுங்காக அசைக்க அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அதை எந்த ஊர்வலத்தில் ஊதிக் காட்டுவது? ஒருமுறை மந்தாரக்குப்பத்தில் ஒரு சாவு. தெரு காலியாகத்தானே இருக்கிறது என்று சுபபந்துவராளியைக் கொஞ்சம் நின்று இழுத்துவிட்டாள். பின்னாலிருந்து குரல் வந்தது: “காலை எடுத்து வைம்மா, தோள்பட்டை கழண்டுக்கும் போல இருக்கு.” பெட்டி தூக்குகிறவர்கள் சொல்வதும் நியாயந்தான். அவர்கள் தோள்மேல் பாரம். இவள் தலைக்குள் ராகம்.

வெண்மதி அவளிடம் வந்து சேர்ந்தது இரண்டு வருடத்துக்கு முந்தைய மாதாகோவில் தேரின்போது. பவனி கிளம்பியதிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி கைபேசியை நீட்டியபடி ஷைனியின் இடது பக்கமாகவே நடந்து வந்தாள். ரீல்ஸ் எடுக்கிறாள் போல என்று ஷைனியும் முகத்தைக் கொஞ்சம் திருத்தி வைத்துக்கொண்டாள். பவனி முடிந்து கேட்டால், படமே எடுக்கவில்லையாம். ஒலியை மட்டும்தான் பதிவு செய்தாளாம்.

“முகம் வேணாங்க எனக்கு. நடுவுல மூச்சு இழுக்கறீங்க பாருங்க, அதான் வேணும்” என்றாள் அவள்.

ஷைனிக்கு அவமானமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு தெரு முழுக்க விடாமல் தன்னைக் கேட்ட ஆள் அவள்தான். நடந்துகொண்டுதான் கேட்டாள் என்றாலும்.

வெண்மதியின் சொந்த ஊர் வளையமாதேவி. அந்தப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்காக வயல் போனபோது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நிலம் போயிற்று. இவர்கள் வீட்டில் போவதற்கு நிலமே இல்லை, நடவும் அறுப்பும்தான் போயின. பாவாடை என்ற அவள் அப்பா அந்தச் சுரங்கத்திலேயே கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். நாலு வருடத்துக்கு முன் ஒருநாள் செகண்ட் ஷிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. டிப்ளமோ படித்த வெண்மதி இப்போது ஒரு பம்ப் ஹவுஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் இருக்கிறாள். அதுவும் கான்ட்ராக்ட்தான். அம்மா சாமியம்மாளோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. வீடு திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பகல் முழுக்கப் பிடித்து வந்த சத்தங்களையெல்லாம் வெட்டி ஒட்டிப் பாட்டாக்குவாள். பம்பு தண்ணீர் இழுப்பது, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் உருளைகள் கடகடப்பது, தகரக் கொட்டகையில் மழை. சாமியம்மாளுக்கு மகள் என்ன செய்கிறாள் என்று விளங்கியதில்லை. “காதுல மூடி போட்டுகினு தலைய ஆட்டுது” என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

இருவரும் சேர்ந்து முதல் நாள் செய்தது உருப்படவில்லை. ஷைனி ஊதிய சாருகேசியை வெண்மதி பதிவு செய்து லேப்டாப்பில் போட்டாள். அதில் சுருதி விலகினால் இழுத்துச் சரியாக்கும் ஒரு வசதி இருந்தது. அது ஷைனியின் அசைவுகளையெல்லாம் பிழை என்று எண்ணி நேராக்கிவிட்டது. இரண்டு வருடம் பாடுபட்டு வளைத்த காந்தாரம் இஸ்திரி போட்ட சட்டையாக வந்து நின்றது.

“இது நான் இல்ல” என்றாள் ஷைனி.

“மெஷினு உங்கள திருத்திடுச்சுக்கா” என்று வெண்மதி சிரித்தாள்.

அந்த வசதியைத் தூக்கி எறிந்தார்கள். அப்புறம் லேப்டாப் எண்ணுகிற தாளத்துக்கு ஷைனி சேரவில்லை. அவள் இருபது வருடமாகத் தன் கால் போகும் வேகத்தில் ஊதியவள். வெண்மதி யோசித்துவிட்டு, ஷைனியை அறைக்குள் நடக்கவிட்டு, அந்த நடையைப் பதிவு செய்து, அதன் மேல் உருளைகளின் கடகடப்பை ஆதி தாளமாக அடுக்கினாள். அன்றைக்குத்தான் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டின. எட்டு மாதத்தில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒரு உருப்படி தயாராயிற்று.

அதில் உச்சம் சங்கு. ஷிஃப்ட் மாறும்போது ஊதுகிற சங்கைத்தான் சொல்கிறேன். நெய்வேலியில் பலர் கடிகாரம் பார்த்து உலை வைப்பதில்லை, சங்கு கேட்டுத்தான் வைப்பார்கள். வெண்மதி அதைப் பதிவு செய்து ஷைனியின் சுருதியான ரெண்டரைக் கட்டைக்குக் கொண்டுவந்தாள். தொடக்கத்தில் அதை ஆள் அடையாளம் தெரியாத அளவுக்கு நீட்டி, தம்புராவைப் போல அடியில் ஓடவிட்டாள். பதினான்காவது நிமிடத்தில், ஷைனி மேல் சட்ஜமத்துக்கு ஏறும்போது, அதே சங்கு தன் சொந்த உருவத்தில், கீழே பஞ்சமத்திலிருந்து கிளம்பி அவளோடு சேர்ந்து மேலே வரும். முதல்முறை ஹெட்போனில் கேட்டபோது ஷைனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நூறு முறை கேட்ட பிறகு அது இருவருக்கும் சங்காகவே இல்லை. “பஞ்சமத்துலேர்ந்து வர்றது” என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

டவுன்ஷிப்பில் வருடா வருடம் இசை விழா நடத்துகிற மன்றத்தின் செயலர் வேலுமணியிடம் போய் நின்றார்கள். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், சாக்ஸபோனைப் பார்த்தார்.

“இது கச்சேரியா, டிஜேவாம்மா?”

“கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார்” என்றாள் ஷைனி.

அவர் முதல் ஐந்து நிமிடம் கேட்டார். சாருகேசி அவருக்குப் பிடித்த ராகம். பெரிய வித்வானின் கச்சேரிக்கு முன்னால் ஆறரையிலிருந்து ஏழு வரை நேரம் கொடுத்தார். முந்நூறு நாற்காலி போடுவார்கள் என்றும் சொன்னார். ஷைனிக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. முந்நூறு நாற்காலி. அன்று அவள் கணவன் ஜோஸ்வாவிடம் அந்த எண்ணை நாலு தடவை சொன்னாள். சுரங்கத்துக் கன்வேயரில் பெர்மனன்ட் டெக்னீஷியனான அவனுக்கு விழா நாளில் செகண்ட் ஷிஃப்ட், மதியம் இரண்டிலிருந்து இரவு பத்துவரை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. “நான் இல்லன்னா இருநூத்துத் தொண்ணூத்தொம்பது. பரவால்ல, ஊது” என்றான்.

விழாவன்று மதியம் ஒலி சரிபார்க்கப் போனார்கள். ஹால்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், மைக்காரர் சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார். முதல் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்ததும், “சூப்பரா இருக்கு, போதும்” என்று எழுந்துவிட்டார். அவர்களும் சரி என்றார்கள். எட்டு மாதமாக ஹெட்போனிலும் சின்ன ஸ்பீக்கரிலும் மட்டுமே கேட்ட பாட்டு அது. மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற ஸ்பீக்கர்களில் பதினான்காவது நிமிடம் எப்படி இருக்கும் என்று இருவரில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. புத்தி எப்போதும் வேலை முடிந்த பிறகுதான் வரும்.

ஆறரைக்கு நாற்காலிகள் முக்கால்வாசி நிறைந்திருந்தன. முதல் வரிசையில் ஓரமாகச் சாமியம்மாள், மகள் வாங்கிக் கொடுத்த பச்சைப் புடவையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வரிசையில் ஷைனியின் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பொற்கொடி. ஷைனி நின்றபடி ஊதத் தொடங்கினாள்.

நாற்காலிகளில் இருந்தவர்கள் முதலில் லேப்டாப்பைத்தான் பார்த்தார்கள். மூன்று நிமிடம் கழிந்ததும் ஒருவர் தொடையில் விரல் தட்டினார். காந்தாரம் அசைந்தபோது பின் வரிசையில் யாரோ “ஆகா” என்றார்கள், உரக்கக்கூட இல்லை. ஷைனிக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. எட்டு வினாடி தாண்டி, எட்டு நிமிடமும் தாண்டிவிட்டது. உருளைகளின் தாளம் வந்து சேர்ந்தது. அது என்ன சத்தம் என்று தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாமே கைகூடி வருகிறது என்று அவள் நினைத்தாள். நினைத்திருக்கக் கூடாது.

மேல் சட்ஜமத்துக்கு ஏறினாள். பஞ்சமத்திலிருந்து வர வேண்டியது வந்தது.

அப்போது மணி ஆறே முக்கால். ஆறே முக்காலுக்கு நெய்வேலியில் எந்தச் சங்கும் ஊதாது. அப்படி ஊதினால் சுரங்கத்துக்குள்ளேயோ மின்நிலையத்துக்குள்ளேயோ ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். இது இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரியாமல் போனது மேடையில் இருந்த இரண்டு பேருக்குத்தான்.

ஹாலில் நாற்காலிகளெல்லாம் ஒரே நேரத்தில் தரையைத் தேய்த்தன. பெண்கள் கைப்பையைத் துழாவிக் கைபேசியை எடுத்தார்கள். “செகண்ட் ஷிஃப்டு, செகண்ட் ஷிஃப்டு” என்று யாரோ சொல்லிக்கொண்டே ஓடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் யாருக்கும் இணைப்பு கிடைக்கவில்லை. அது இன்னும் கிலியைக் கிளப்பியது. கதவுப் பக்கம் ஒரே நெரிசல்.

ஷைனிக்கு அது தங்கள் சங்கு என்று தெரியும். தெரிந்தும், ஜோஸ்வா உள்ளே இருக்கிறான் என்பதுதான் அவளுக்கும் முதலில் நினைவுக்கு வந்தது. வெண்மதி பதறிப்போய் லேப்டாப்பின் சத்தத்தை ஒட்ட இறக்கிவிட்டு, மைக்கைப் பிடித்து, “ஒண்ணும் இல்லீங்க, பாட்டுல வர்ற சங்குங்க அது, பாட்டுல வர்றது” என்றாள். கூட்டத்தின் இரைச்சலில் அது கரையவில்லை, காணாமலே போனது. வேலுமணி மேடையோரம் ஓடிவந்து இரண்டு கையாலும் நிறுத்து நிறுத்து என்று காட்டினார்.

ஷைனி நிறுத்தவில்லை. வீம்புக்கு இல்லை. பேண்டு செட்டில் ஒரு வழக்கம் உண்டு: பெட்டி கல்லறை வாசலைத் தாண்டும்வரை வாயிலிருந்து கருவியை இறக்கக் கூடாது. மழை வந்தாலும், நாய் துரத்தினாலும், பங்காளிகள் நடுத்தெருவில் அடித்துக்கொண்டாலும் ஊதிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பாட்டு நின்றால் தூக்குகிறவர்களின் கால் தடுமாறும், பெட்டி சாயும். இருபது வருடப் பழக்கம் அவள் விரலை விடவில்லை. இங்கேயும் பாட்டு நின்றால் ஓடுகிறவர்கள் இன்னும் மிரள்வார்கள் என்றும் பட்டது. எந்தச் சங்கைக் கேட்டு மிரண்டார்களோ, அதையே சாக்ஸபோனில் பிடித்தாள். அதே பஞ்சமத்திலிருந்து அதே ஏற்றம். மேலே போனதை அந்தரத்தில் விடாமல், சாருகேசியின் வழியாக ஒவ்வொரு சுரமாக அசைத்துக் கீழே இறக்கினாள். மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். சங்கு மேடையில்தான் இருக்கிறது என்று அதைவிடத் தெளிவாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

கதவருகே சிலர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். பலர் வெளியே போய்விட்டிருந்தார்கள். கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவே, முதல் வரிசை ஓரத்தில், ஒரே ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவே இல்லை. சாமியம்மாள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஷைனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு நாற்காலி நுனியில் இருந்தவள் இப்போது நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மிச்சமிருந்த எட்டு நிமிடத்தையும் ஷைனி அவளுக்குத்தான் ஊதினாள். வெண்மதி உருளைத் தாளத்தை மட்டும் மெதுவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். முடிக்கும்போது வெளியே போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்து சுவரோரமாக நின்றிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள்.

பிறகு நடந்தது எதிர்பார்த்ததுதான். பொற்கொடி மேடைக்கே வந்துவிட்டாள். அவள் மகன் தெர்மல் மின்நிலையத்தில் வேலையில் இருக்கிறான்.

“என் புள்ள போன எடுக்கற வரைக்கும் உசுரு என்கிட்ட இல்ல ஷைனி. உனக்கும் உள்ள ஆள் இருக்குல்ல? உனக்கு எப்படித் தோணாமப் போச்சு?”

“தப்புதாங்க்கா. ஒரேடியா தப்புதான்” என்றாள் ஷைனி. எட்டு மாதம் காதுக்குள்ளேயே வைத்துக் கொஞ்சியதில் ஊருக்கு அது என்ன என்பதை மறந்துவிட்டார்கள்.

வேலுமணி சத்தம் போடவில்லை. “வாசிப்பு நல்லாதான் இருந்தது. அடுத்த வருஷம் பாக்கலாம்மா” என்றார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஜோஸ்வாவின் அழைப்பு அப்போதுதான் வந்தது. “என்னா ஷைனி, இங்க எங்க செக்ஷன்ல அத்தினி பேரு பொண்டாட்டியும் ஒரே நேரத்துல போன் பண்றாங்க. சங்கு ஊதுச்சாம்ல? உள்ள எங்களுக்கு ஒண்ணும் கேக்கலயே.”

“வூட்டுக்கு வா, சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் பின்னால் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வந்தார்கள். அங்கே தூங்குமூஞ்சி மரத்தடியில் வாடகைக் கடையின் உபரி நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெண்மதி ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். சாமியம்மாளும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஷைனி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். இருபது வருடம் ஆசைப்பட்டு முந்நூறு நாற்காலி கிடைத்தது. முந்நூறையும் தன் கையாலேயே காலி செய்தாயிற்று.

“ஏம்மா, எல்லாரும் ஓடினாங்க. நீங்க ஏன் எழுந்திருக்கல? பாட்டுல வர்ற சங்குன்னு வெண்மதி முன்னாடியே சொல்லியிருந்துச்சா?” என்று கேட்டாள்.

“அது எங்க என்கிட்ட சொல்லுது. நெஜ சங்குன்னுதான் நானும் நெனச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா. உள்ள எனக்குன்னு யாரு இருக்காங்க? இருக்கற ஒரு பொண்ணு மேடையில கண்ணெதிர நிக்குது. நான் யாருக்கு ஓடறது?” சாமியம்மாள் இதைச் சோகமாகச் சொல்லவில்லை, கணக்கு சரிதானே என்பது போலத்தான் சொன்னாள். “அந்த மனுசன் போன அன்னிக்கு தனியா ஒரு சங்கும் ஊதல. பத்து மணிக்கு ஊதறதுதான் ஊதுச்சு. ஷிஃப்டு வுட்டுட்டாங்க, வந்துடுவாருன்னு சோத்தப் போட்டு மூடி வச்சிகினு உக்காந்திருந்தேன்.”

வெண்மதி லேப்டாப் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். தன்னை ஒருத்தி கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள் என்று ஷைனி எட்டு நிமிடம் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாளே, அந்த உட்கார்தலுக்குப் பின்னால் இருந்தது இதுதான். கழுத்திலிருந்து கழற்றிய சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தாள்.

“அத ஏன் வைக்கற?” என்றாள் சாமியம்மாள். “மேல போவுதே, போயிட்டு மெல்ல மெல்ல ஆடிகினே கீழ எறங்குதே, அத இன்னொருக்கா ஊது. ஜனங்க ஓடின சத்தத்துல எனக்குப் பாதிதான் கேட்டுச்சு.”

ஷைனி அவள் முகத்தைப் பார்த்தாள். சும்மா ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. சாமியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து, கேட்பதற்கு ஆயத்தமாகிவிட்டாள்.

அடுக்கிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து, அவளுக்கு எதிரில் போட்டு, ஷைனியும் உட்கார்ந்தாள். உட்கார்ந்துகொண்டு ஊதுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.